அரிய ராகமா, அனைவரும் பாடும் தோடியா?

மார்கழியில் சென்னை சபாக்களின் பிற்பகல் மேடைகளில் கர்நாடக சங்கீதம் பாட வரும் இளம் பாடகர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான கச்சேரிகள் நடக்கையில், தங்கள் பாட்டை மட்டும் நாலு பேர் நினைவில் வைத்துப் பேசும்படி எப்படிப் பாடுவது? அவர்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒட்டி நிற்கும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசும், பிறர் பாடாத விவாதி மேளம், நாலு ஸ்வர ராகம், சிக்கலான தாள நடையில் பல்லவி என்று அரியதைத் தேடிப் போவது ஒன்று. எல்லோரும் பாடும் தோடியையும் காம்போதியையும் எல்லோரையும்விட நன்றாகப் பாடிக் காட்டுவது மற்றொன்று. இருபது வயதான என் மகளுக்கு இந்த ஆண்டு ஒன்றரை மணி நேர மேடை ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்கு முக்கிய ராகம் எது என்று வீட்டில் எழுந்த பேச்சில்தான் இந்த இரண்டையும் நான் ஆற அமர எடைபோட்டுப் பார்த்தேன்.

முதல் வழியை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் 40 விவாதி மேளங்கள். பாடுவோரே இல்லாமல் போனால் அவை ஏட்டில் மட்டும்தான் மிஞ்சும். அத்துடன், பெயர் தெரியாத பாடகரின் கச்சேரிக்கு யாரும் தேடி வராத தொடக்க ஆண்டுகளில், அரிய ராகம் ஒன்று விமர்சகரின் காதைச் சட்டென்று திருப்பக்கூடும். அந்த வாய்ப்பை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் மேடையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். நம் கச்சேரிகளில் பக்கவாத்தியக்காரர்களுடன் ஒத்திகை பார்ப்பது வழக்கமில்லை. பல சமயம் பாடகரும் வயலின்காரரும் அன்றுதான் முதன்முதலாகச் சேர்ந்து உட்காருகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில், மூன்றாவது வரிசையில் இருந்து ஓர் இளம் பாடகி பாடிய வாகதீஸ்வரி என்ற விவாதி மேளத்தைக் கேட்டேன். ஷட்ச்ருதி ரிஷபத்தையும் அதை ஒட்டி நிற்கும் அந்தர காந்தாரத்தையும் ஒன்றில் ஒன்று கலந்துவிடாமல் பிரித்துக் காட்டுவது லேசான வேலை அல்ல; அந்தப் பெண் அதைச் சுத்தமாகவே செய்தாள். பத்து நிமிட ஆலாபனைக்குப் பிறகு வயலின்காரரின் முறை வந்தது. அவர் வில்லை எச்சரிக்கையாக இழுத்து, பாடகி தொட்டுக் காட்டிய பிடிகளையே, அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரத் தொடர்களையே, திரும்பத் தொட்டு, இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அவர் மேல் குறையில்லை. அந்த ராகத்தில் அவர் கேட்டு வளர்ந்தது அவ்வளவுதான். எனக்கு அருகில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து "என்ன ராகம்?" என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் தெரிந்ததும் அவர்கள் ஆவல் அடங்கிவிட்டது. அவள் எப்படிப் பாடினாள் என்று அவர்களில் ஒருவரும் பேசவில்லை, ஏனென்றால் வைத்துப் பார்க்க அவர்களிடம் வேறொரு வாகதீஸ்வரி இல்லை. அவளுடைய உண்மையான உழைப்பு, உரசிப் பார்க்கக் கல் இல்லாத தங்கமாகப் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

தோடிக்கு உரைகல் உண்டு, அதுவும் மிகக் கடுமையானது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடியை ஒலிப்பதிவில் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்ட ரசிகர் முன் இருபது வயதில் தோடியை எடுக்கத் துணிச்சல் வேண்டும். தாளில் எழுதினால் அதன் காந்தாரம் வெறும் சாதாரண காந்தாரம்தான். பாடும்போதோ, அது ஓரிடத்தில் நில்லாமல் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைகிறது. எவ்வளவு அசைய வேண்டும், எந்த வேகத்தில் அசைய வேண்டும், எங்கே ஓய வேண்டும் என்பது ஆண்டுக்கணக்கில் பாடியும் கேட்டும் மட்டுமே கைவருவது.

அதே அரங்கில் இன்னொரு நாள் ஓர் இளைஞர் தோடியை எடுத்தார். பஞ்சமத்தைத் தொடாமல் சிறிது நேரம் சஞ்சரித்துவிட்டு, மேல் ஸ்தாயி காந்தாரத்தில் வந்து அவசரப்படாமல் நின்றார். காண்டீனுக்குப் போவதற்காக எழுந்த பெரியவர் ஒருவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடியே மறுபடி உட்கார்ந்தார். வயலின்காரர் தன் முறையில் புதிதாக ஒரு பிடி வாசித்தார். பாடகர் புன்னகையுடன் அதை, பாட்டின் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலில் எடுத்தாண்டார். தேர்ச்சி வெளிப்பட எதிரில் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பது எனக்கு அன்று விளங்கியது.

பழகிய ராகத்தில் தனித்துத் தெரிய முடியாது என்பாருக்கு எம். டி. ராமநாதன் நல்ல பதில். அரியக்குடி ராமானுஜ அய்யங்காரின் விறுவிறுப்பான மத்தியம காலமே கச்சேரிக்கு இலக்கணமாகிவிட்ட காலத்தில், கீழ் ஸ்தாயிக் குரலும் நிதானமான சௌக்க காலமுமாகப் பாடிய அவரை, சஹானா ராகத்தின் முதல் பிடியிலேயே கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லலாம். செம்மங்குடி சீனிவாச அய்யருக்கு இயல்பிலேயே இனிய சாரீரம் வாய்க்கவில்லை. சாதகம் என்னும் இடைவிடாப் பயிற்சியால் அதை வசப்படுத்தி 1947இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

அப்படியானால் பாலமுரளி கிருஷ்ணா? நாலே ஸ்வரங்களில் மகதி என்ற ராகத்தைத் தந்தவர்தானே என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் 72 மேளங்களிலும் கிருதி இயற்றும் ஆளுமையை இளமையிலேயே அடைந்தவர் அவர். நாலு ஸ்வரத்தில் என்னென்ன செய்யலாம் என்பது, ஏழு ஸ்வரங்களையும் அப்படி ஆண்ட பிறகு அவருக்குத் தெரிந்தது. பழகிய ராகங்களில் பத்து ஆண்டு ஊறியவர் வாகதீஸ்வரியை எடுத்தால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

ஒன்றரை மணி நேரத்தில் பதினான்கு உருப்படிகளை அடுக்குவதும், அரை நிமிட இன்ஸ்டாகிராம் துணுக்குக்காக ஸ்வரங்களைக் கொட்டுவதும் வேறு இரண்டு வழிகளாகச் சொல்லப்படுகின்றன. கச்சேரியை நோக்கி உழைப்பவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை.

ஆகவே இரண்டாவது வழிதான் என்று முடிவாயிற்று. தோடியை மட்டும் ஆசிரியர் ஒப்பவில்லை. அவளுடைய காந்தாரம் இன்னும் பழுக்கவில்லை என்று சொல்லி, பைரவியைக் கொடுத்தார். அதில் ஏறும்போது உயர்ந்த சதுச்ருதி தைவதம், இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த சுத்த தைவதம். தினமும் காலை ஐந்தரை மணிக்குச் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். இறங்கும்போது தைவதம் ஒரு நூலிழை உயர்ந்து நிற்கிறது என்று நேற்று ஆசிரியர் சொன்னாராம். இன்று காலை, நிஷாதத்திலிருந்து பஞ்சமத்துக்கு வரும் அந்த ஒரு பிடியை மட்டும் முக்கால் மணி நேரம் பாடிவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்பினாள்.