ஐந்து மாதம் நின்ற காரும் இரண்டு மெக்கானிக்குகளும்

கடந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்காக, ஐந்து மாதமாக ஓடாமல் நின்றிருந்த அவருடைய காரை எடுக்க முயன்றேன். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிந்தன. பிறகு போனட்டுக்குள்ளிருந்து டக் டக் டக் என்று ஓர் ஓசை மட்டும் வந்தது. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கான ரிலேயை, அதாவது அதன் மின் சுவிட்சை, இழுக்கும் அளவுக்கு பேட்டரியில் சக்தி இருக்கிறது, மோட்டாரைச் சுற்ற இல்லை என்பதே அந்த ஓசையின் பொருள். ரிலே ஒட்டியவுடன் வோல்டேஜ் சரிந்து அது விடுபடுகிறது. விடுபட்டதும் வோல்டேஜ் ஏறி மறுபடியும் ஒட்டுகிறது.

தொலைபேசியில் அழைத்ததும் ஒருவர் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டார் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். ஆனால் அவர் வேலை செய்த விதம் எனக்கு அச்சத்தையே தந்தது. தன் வண்டியை அருகில் நிறுத்தி, பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று கேபிளை மாட்டினார்; கடைசிக் கறுப்புக் கிளிப்பை எங்கள் பேட்டரியின் மைனஸ் டெர்மினலிலேயே கடிக்க வைத்தபோது, கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தீப்பொறி தெறித்தது. ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடியது. அதனால்தான் கடைசிக் கிளிப்பை பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஓர் உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும் என்று சொல்லப்படுகிறது. வண்டி கிளம்பியது, பத்து நிமிடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று கூறி அவர் போய்விட்டார். மறுநாள் காலை அதே டக் டக் ஓசைதான் எங்களை வரவேற்றது. அப்பாவை வாடகை வண்டியில் அழைத்துச் சென்றேன்.

அன்று மாலை வேறொருவரை வரவழைத்தேன். இருபத்தைந்து வயதிருக்கும் அந்த இளைஞர் கேபிளைத் தொடுவதற்கு முன்பே மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி 11.6 வோல்ட் காட்டியது. ஆறு செல்களும் நிறைந்திருந்தால், ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும்; 12-க்குக் கீழே இறங்கிவிட்டாலே அது ஏறக்குறைய காலி என்று கொள்ளலாம். டெர்மினல்களில் பூத்திருந்த வெண்பச்சைப் பொடியைச் சுரண்டித் துடைத்தார். முதலில் எங்கள் பிளஸ்ஸில் சிவப்புக் கிளிப், பிறகு அவருடைய பிளஸ்ஸில், அதன்பின் அவருடைய மைனஸில் கறுப்பு, கடைசியாக எங்கள் எஞ்சின் உலோகத்தில் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினார். தன் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் எங்கள் சாவியைத் திருப்பச் சொன்னார். கிளம்பியதும் கேபிளை அதே வரிசையில் தலைகீழாகக் கழற்றினார்.

"வண்டி கிளம்பினது பெரிய விஷயமில்லை சார், ஆல்டர்னேட்டர் ஏத்துதான்னு பாக்கணும்" என்றார். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவிதான் ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது மீட்டர் 14.2 காட்டியதால், சார்ஜ் ஏற்றும் பக்கத்தில் குறை இல்லை என்பது உறுதியானது. முந்தைய நாள் இந்த ஒரு நிமிட வேலையைத்தான் யாரும் செய்யவில்லை. அடியோடு இறங்கிவிட்ட பேட்டரியைப் பத்து நிமிட ஓட்டத்தில் நிரப்ப ஆல்டர்னேட்டரால் முடியாது; அதை நம்பி எஞ்சினை அணைப்பவர் மறுபடியும் மாட்டிக்கொள்வார்.

அவர் பேட்டரியைக் கழற்றி எடுத்துச்சென்று இரவு முழுவதும் சார்ஜரில் போட்டு, மறுநாள் கொண்டுவந்து மாட்டினார். ஓய்வில் 12.5 காட்டிய அது, செல்ஃப் சுற்றும்போது 8 வோல்ட்டுக்கு விழுந்தது. 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியை நம்ப முடியாது என்று அவர் சொன்னபோது எனக்கு மறுப்பேதும் இருக்கவில்லை. அது ஐந்து வயதான பேட்டரி, அதிலும் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்துவிடும். புதியதை மாட்டிய பிறகும் அவர் உடனே கிளம்பவில்லை. வண்டி அணைந்த நிலையில் எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அளந்தார். 40 மில்லி ஆம்பியர். கடிகாரமும் அலாரமும் உண்ணும் இயல்பான அளவுதான் இது. ஆனாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் மணி என்று கணக்கிட்டால், 45 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றரை மாதத்தில் வற்றிவிடும். யாருடைய தவறும் இல்லாமலேயே எங்கள் வண்டி நின்றதற்குக் காரணம் இதுதான்.

வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதானால் மைனஸ் ஒயரை மட்டும் கழற்றிவைக்கும்படி அப்பாவிடம் சொல்லி, 10-ஆம் எண் ஸ்பேனரை அவர் கையிலேயே கொடுத்து இரண்டு முறை செய்யவைத்துப் பார்த்தார். முதியவர் ஒருவருக்கு அத்தனை பொறுமையாகக் கற்றுக்கொடுத்ததை நான் மறக்கமாட்டேன்.

திரும்பிச் செல்லும் நாளில் ஒயரைக் கழற்றித் துணி சுற்றி வைத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து அப்பா தொலைபேசியில், தானே ஒயரை மாட்டி வண்டியை எடுத்ததாகவும், முதல் திருப்பிலேயே கிளம்பியதாகவும், கடிகாரத்தை மட்டும் திருத்தி வைக்க வேண்டியிருந்ததாகவும் சொன்னார்.