50 ஓவருக்குப் பதில் 20 ஓவர் போதுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி மைதானக் கணக்கு

பார்க்கிறவர் பக்கம் நின்றால் 20 ஓவர் ஜெயித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஓசூரிலிருந்து பெங்களூரு சின்னசாமி மைதானம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டத்துக்கு, பகல் ஷிஃப்ட்டை முடித்துவிட்டு அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து போனாலும் முதல் பந்தைப் பிடித்துவிடலாம். மதியமே தொடங்கும் 50 ஓவர் ஒருநாள் ஆட்டம் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. இதில் வாதாட ஒன்றுமில்லை. ஆடுகிறவர் பக்கம் வந்தால்தான் கணக்கு வேறு.

50 ஓவரில் 300 பந்து, 10 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 30 பந்து. 20 ஓவரில் அதே விக்கெட்டுக்கு 12 பந்துதான். ஆட்டத்தின் குணம் முழுக்க இந்த இரண்டு எண்ணிலிருந்தே வருகிறது. விக்கெட் மலிவானால் அடித்து அவுட்டாவது தப்பில்லை. 30 பந்து விலை என்றால் யோசிக்கணும். 2023 நவம்பர் 7-ல் வான்கடேயில் ஆப்கானிஸ்தானின் 292 இலக்கைத் துரத்திய ஆஸ்திரேலியா 91 ரன்னில் 7-வது விக்கெட்டை இழந்தது 18.3 ஓவரில். மேக்ஸ்வெல் 201 அடித்து, 19 பந்து மீதமிருக்க ஜெயித்துக் கொடுத்தார். அது 20 ஓவர் ஆட்டமாக இருந்திருந்தால் அவர் கையில் இருந்தது 9 பந்து. சரிந்து கிடக்கும் இன்னிங்ஸைத் தூக்கி நிறுத்தும் வேலைக்குச் சின்ன ஆட்டத்தில் இடமே கிடையாது.

பவுலிங்கில் இடைவெளி இன்னும் பெரிது. ஒருநாள் ஆட்டத்தில் ஒருவருக்கு 10 ஓவர், 20 ஓவரில் 4. இரண்டிலும் குறைந்தது ஐந்து பவுலர் வேண்டும். ஆனால் 20 ஓவரில் ஐந்தாம் ஆளின் 4 ஓவரை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்து ஒப்பேற்றிவிடலாம். 10 ஓவரை ஒளித்துவைக்க முடியாது. எதிரணி அங்கேயே கைவைக்கும். வேகப்பந்து வீச்சாளரும் புதுப் பந்தில் ஒரு ஸ்பெல் (ஒரே மூச்சில் வீசும் சில ஓவர்), நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று விதமாக வீசத் தெரிந்திருக்கணும்.

நம் இரண்டு மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம்? பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் பையன்கள் வளர்வது டென்னிஸ் பாலில். வற்றிய ஏரியிலோ பள்ளி மைதானத்திலோ 6, 8, 10 ஓவர் டோர்னமெண்ட். இரண்டு ஓவர் யார்க்கரும் ஸ்லோ பாலும் போடுவார்கள். லெக் சைடில் தூக்கி அடிப்பார்கள். 20 ஓவர் என்பது அவர்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் நீட்டி ஆடுவது. தெரியாதது வேறு: ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் தையல் பந்தை (தோல் பந்தை) அடிக்காமல் விடுவது, பவுண்டரி வராத ஐந்து ஓவரை சிங்கிளில் ஓட்டுவது, வெயிலில் ஒரு மணி நேரம் நின்றபின் இரண்டாம் ஸ்பெல்லுக்கு வந்து அதே லென்த்தில் (பந்து குத்தும் தூரத்தில்) வீசுவது. இவற்றைக் கற்றுத்தர நீண்ட ஆட்டம் விட்டால் வழியில்லை.

பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பாலிலிருந்து வந்தவர்தான். 2020 டிசம்பர் 2-ல் கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம்: 10 ஓவர், 70 ரன், 2 விக்கெட். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் முதல் 20 ஓவர் ஆட்டம்: 4 ஓவர், 30 ரன், 3 விக்கெட். அடுத்த மாதம் பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் மட்டும் 24.2 ஓவர் வீசி 3 விக்கெட். யார்க்கர் தெருவில் வந்துவிடும். ஒரே இன்னிங்ஸில் 24 ஓவர் தாங்கும் உடம்பு வராது.

ஒருநாள் ஆட்டம் சலிப்பாகிவிட்டது என்ற குறையிலும் நியாயம் உண்டு, ஆனால் அதில் பாதி நீளத்தின் குற்றமல்ல, விதியின் குற்றம். 2011 அக்டோபரிலிருந்து இரண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து கொடுத்தார்கள். 50-வது ஓவரிலும் ஒரு பந்தின் வயது 25 ஓவர்தான். பந்து பழசானால் வரும் ரிவர்ஸ் ஸ்விங் மறைந்தது, சுழற்பந்துக்குப் பிடிமானம் குறைந்தது, கடைசிப் பத்து ஓவர் சாத்து மழையானது. 2025 ஜூலையில் மாற்றினார்கள்: 34 ஓவர் வரை இரண்டு பந்து, பிறகு பவுலிங் அணி தேர்ந்தெடுக்கும் ஒன்று மட்டும். அது ஆட்டம் முடியும்போது 33 ஓவர் தேய்ந்திருக்கும். இதன் பலனைப் பார்க்காமலே ஒருநாள் ஆட்டத்தைப் புதைக்கச் சொல்வது அவசரம். யாருக்கும் ஞாபகம் இல்லாத மூன்று ஆட்டத் தொடர்களை வெட்டட்டும், நாமும் கைதட்டுவோம்.

சரி, உள்ளூரில் லீக் நடத்துகிறவருக்கு என்ன வழி? சர்வதேசக் கணக்கில் 50 ஓவர் வீச மூன்றரை மணி நேரம், அதாவது ஓவருக்கு 4.2 நிமிஷம். நம் மைதானத்தில் பந்து முள்ளுக்குள் போனால் தேட நாலு பேர் போகணும். ஓவருக்கு 5 நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இன்னிங்ஸுக்கு 500 நிமிஷம், சாப்பாட்டுக்கு 45. காலை 9 மணிக்குத் தொடங்கினால் மாலை 6.05. டிசம்பரில் அதற்குள் இருட்டிவிடும். கடைசி ஐந்து ஓவரில் பந்து தெரியவில்லை என்று சண்டை வரும். 20 ஓவருக்கு 200 நிமிஷமும் இடைவேளை 15-ம் போதும். 8 மணிக்கு ஒன்று, 12.15-க்கு ஒன்று என்று இரண்டு ஆட்டம் நாலு மணிக்குள் முடியும். ஒரே பகலில் 22 பேருக்குப் பதில் 44 பேர். ஆனால் அந்த 44-ல் ஆறாம், ஏழாம் பேட்ஸ்மேன் பலர் பேடைக் கட்டியதோடு சரி.

இரண்டுக்கும் நடுவே 40 ஓவர் நன்றாகப் பொருந்தும். 400 நிமிஷமும் சாப்பாட்டுக்கு 40-ம் என்றால் எட்டரைக்குத் தொடங்கி 3.50-க்கு முடிகிறது. பவுலருக்கு 8 ஓவர், விக்கெட்டுக்கு 24 பந்து. 1971-ல் மெல்போர்னில் நடந்த முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டமே ஆளுக்கு 40 ஓவர்தான், என்ன, அன்றைக்கு ஓவருக்கு எட்டு பந்து.

எங்கள் யோசனை: ஜனவரி, பிப்ரவரியில் 40 ஓவர். மார்ச்சிலிருந்து 20 ஓவர், ஏனென்றால் தர்மபுரி வெயிலில் பதினெட்டு வயதுப் பையனை 8 ஓவர் ஓடிவந்து வீசச் சொல்வது கொடுமை. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஞாயிறன்றும் லோடு ஏறும், முழு நாளுக்குப் பதினொரு பேர் சேர மாட்டார்கள். ஓசூர் மட்டும் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையிலும் கொஞ்சம் தாங்கும். அங்கே தொல்லை ஜனவரிப் பனி. பிட்ச் மேல் விரிக்கும் கயிற்றுப் பாயை (மேட்) முதல் நாள் இரவே விரித்துவைத்தால் ஈரம் குடித்துவிடும், பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். ஆட்டம் தொடங்க அரை மணிக்கு முன் விரித்து, இரண்டு ஓரத்தையும் இழுத்து ஆணி அடியுங்கள். லென்த் விழும் இடத்தில் மடிப்பு நின்றால் ஒரு பந்து முகத்துக்கு எழும், அடுத்தது உருளும். 40 ஓவரில் மேட் தளர்ந்துவிடும், ஆகவே தண்ணீர் இடைவேளை தோறும் ஆணியைப் பாருங்கள்.

மழை விதியை டாஸுக்கு முன்பே எழுதி இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். 40 ஓவரில் 200 அடித்த அணிக்கு எதிராக, ஆட்டம் 20 ஓவராகக் குறைந்ததும் ரன்ரேட்படி 101 இலக்கு வைத்தால் அநியாயம்: துரத்துகிறவருக்குப் பாதி ஓவர், ஆனால் பத்து விக்கெட்டும் அப்படியே. மீதி ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்துப் பார்த்து இலக்கைத் திருத்தும் டக்வொர்த்-லூயிஸ் கணக்குப் போடத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால், முதல் இன்னிங்ஸ் தொடங்கியபின் ஓவரைக் குறைக்கவே வேண்டாம். மறுநாள் முதலிலிருந்து ஆடுங்கள்.