பச்சைக்கிளியா, பஞ்சவர்ணக்கிளியா?

மார்த்தாண்டத்தில் அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து வந்தது. இறகை நறுக்கியிருந்தார்கள். கூண்டைத் திறந்துவைத்தாலும் கம்பியை அலகால் கவ்வி ஏறுமே தவிர வெளியே வராது. அதை வளர்ப்பது குற்றம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நம்மூர்க் கிளிக்குத் தடை, வெளிநாட்டுப் பஞ்சவர்ணக்கிளிக்கு அனுமதியா என்று பலர் கோபப்படுகிறார்கள். ஆம், சட்டம் அப்படித்தான். அதுதான் நியாயம் என்றும் நினைக்கிறேன். பச்சைக்கிளிக் குஞ்சு நம் மரங்களிலிருந்து திருடப்படுகிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின் அது பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். காசு கொடுத்து வாங்கினேன் என்பது காப்பாற்றாது. அதிர்ஷ்டத்துக்காக வளர்க்கும் நட்சத்திர ஆமை முதல் அட்டவணை. அதற்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு.

பஞ்சவர்ணக்கிளியும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு உள்ள உயிரினங்களுக்கான நான்காம் அட்டவணை. வளர்க்கலாம், ஆனால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையென்றால் வாங்காதீர்கள்.

காக்டெயில் என்னும் சிறு கொண்டைக் கிளிக்கும், நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜிக்கும் இந்தப் பதிவு தேவையில்லை. குழந்தை கேட்கிறது என்றால் என் ஓட்டு இவற்றுக்கே.

களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் சட்டம் மாறும் என்று நம்புகிறவர்களும் உண்டு. மாறாது, இது மத்தியச் சட்டம். அமெரிக்காவில்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கீரி போன்ற ஃபெரெட்டை கலிபோர்னியாவில் வளர்த்தால் குற்றம், பக்கத்து அரிசோனாவில் குற்றமில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் சிங்கம், புலியைத் தனியார் வீட்டில் வளர்க்க 2016 சட்டம் தடை விதித்தது. சாம்பல் கிளியை அங்கே ஆவணத்தோடு வளர்க்கலாம். ஆனால் ஊர் திரும்பும்போது பெட்டியோடு தூக்கி வந்துவிட முடியாது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி அந்நாடு தரும் ஏற்றுமதிச் சான்றும் இந்திய இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருந்தால், பயந்துபோய்த் தோப்பில் விட்டுவிடாதீர்கள். இறகு நறுக்கிய கிளி பூனைக்குத்தான் இரையாகும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் பேசி ஒப்படையுங்கள்.