வார்ப்பிரும்புச் சட்டி என்று சொல்லி 850 ராண்ட் வாங்கிவிட்டார்கள்

டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் வீட்டில் தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். இன்னும் கை நடுங்குகிறது.

டிசம்பர் 1-ல் ஷாட் மீன் பிடிக்கத் தடை நீங்கும். அதற்குள் குண்டு வார்த்துவிட வேண்டும் என்று மீன்பிடி சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். ஈயம் உருக்கத்தான் சட்டி வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்து, "அங்கிள், சுத்தமான வார்ப்பிரும்பு. எங்கப்பா இதே மாதிரி சட்டியிலதான் வருஷக்கணக்கா உருக்குறார்" என்றான் அந்தப் பையன். தமிழில் பேசினான், அப்பாவைச் சாட்சிக்கு இழுத்தான். அதற்கு மேல் என்ன கேட்பது? 850 ராண்ட் எண்ணிக் கொடுத்தேன்.

கொல்லையில் கேஸ் அடுப்பில் வைத்ததும் கறுப்புச் சாயம் புகைந்து உரிந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்! ஈயம் உருக 327 டிகிரி போதும், அலுமினியம் உருக 660 ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அலுமினியம் உருகுவதற்கு வெகு முன்பே சூட்டில் பலம் இழந்துவிடும். ஈயமோ படுகனம், 2 லிட்டர் சட்டி நிறைய ஊற்றினால் 21 கிலோவுக்கு மேல். நான் கால்வாசிகூட நிரப்பவில்லை. தூக்கும்போது கைப்பிடி ஆணி கழன்று உருகிய ஈயம் சிமெண்டுத் தரையில் கொட்டியது. என் காலுக்கு ஒரு சாண் தள்ளி. பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்கள், கடவுள் புண்ணியம்.

சட்டியோடு கடைக்குப் போனேன். முதலில் "சாயம் அப்படித்தான் அங்கிள் போகும்". அப்புறம் "முதலாளி இல்லை, திங்கட்கிழமை வாங்க". திங்கட்கிழமை முதலாளி என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அடுப்பில் வைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். ஈயம் உருக்கும் சட்டியை அடுப்பில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்றேன். சுவரில் மாட்டியிருந்த 'பணம் திருப்பித் தரப்படாது' பலகையைக் கை காட்டினார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. 850 ராண்ட் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

எப்படிப்பட்ட சட்டி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. வார்ப்பிரும்பு அல்லது கனமான எஃகு மட்டும் வாங்குங்கள். காந்தம் கொண்டு போங்கள், அலுமினியத்தில் ஒட்டாது. ஆணி அடித்த கைப்பிடி வேண்டாம். துத்தநாகம் பூசிய வாளி, தகரம் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை விஷம். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்டே விடாதீர்கள். அந்தச் சட்டி மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது.

ரசீதில் 'வார்ப்பிரும்பு' என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். எனக்கு அவன் எழுதிக் கொடுத்தது 'சட்டி 1, 850 ராண்ட்' மட்டும்தான்.