யாங்கூனில் திரையிட எந்தக் கண்ணிவெடிப் படம்?

யாங்கூன் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கண்ணிவெடி பற்றிய படம் ஒன்றைத் திரையிட விரும்புவோர், மார்ட்டின் ஸாண்ட்விலியட்டின் ‘லேண்ட் ஆஃப் மைன்’ (2015), பஹ்மான் கோபாடியின் ‘டர்ட்டில்ஸ் கேன் ஃப்ளை’ (2004) ஆகிய இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முன்னது, 1945இல் டென்மார்க் கடற்கரையில் வெடிகளை அகற்ற விடப்பட்ட ஜெர்மானியப் போர்க்கைதிச் சிறுவர்களின் கதை. மணலில் குப்புறப் படுத்துக் குச்சியால் குத்திப் பார்க்கும் காட்சிகள் நெஞ்சைப் பதற வைக்கின்றன. ஆனால் அவர்களுக்குக் கட்டளையிட ஒரு சார்ஜண்ட் இருக்கிறார். வேலை முடிந்தால் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதியும் இருக்கிறது.

கோபாடியின் குர்து அகதிச் சிறுவர்களுக்கு அவ்விரண்டும் இல்லை. 2003 ஈராக் போருக்குச் சற்று முன், துருக்கி எல்லையோர முகாமில், வெடிகளைச் சேகரித்து விற்றே அவர்கள் வயிறு வளர்க்கிறார்கள்; இரு கைகளையும் இழந்த பையன் ஒருவன் தரையில் படுத்து, வாயாலேயே வெடியைச் செயலிழக்கச் செய்கிறான். ‘சாட்டிலைட்’ என்ற பட்டப்பெயருடைய சிறுவனின் டிஷ் ஆண்டெனா வியாபாரம் தரும் சிரிப்பு (அது படத்துக்குப் பெரும் பலம்) இக்கொடுமையை மேலும் கூர்மையாக்குகிறது.

2023இல் கண்ணிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் உலகிலேயே மிக அதிகமாக, 1,003 பேர் இறந்தோ காயமுற்றோ பதிவான நம் மியன்மாருக்கு நெருக்கமானது கோபாடியின் படமே. எனினும் அதன் முடிவு மிகக் கொடியதாகையால், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை அழைக்காமல் திரையிடுவதே முறை.