முகத்துவாரமா, திறந்த கரையா: பருவம் மாறும்போது எங்கே தூண்டில் போடலாம்?

வெயில் காலம் முடிந்து குளிர் எட்டிப் பார்க்கும் இரண்டு மூன்று வாரம் தூண்டில்காரர்களுக்கு ஒரே குழப்பம். போன வாரம் விடாமல் கடித்த இடத்தில் இந்த வாரம் இரை போட்டது போட்டபடி திரும்பி வரும். மாற்று இடம் என்று பார்த்தால் இரண்டுதான்: ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், இல்லையென்றால் அலை அடிக்கும் திறந்த கரை. என் ஓட்டு முகத்துவாரத்துக்கு. மழை கொட்டாத வரைக்கும்.

முகத்துவாரத்துக்கு உள்ளே இருக்கும் உப்பங்கழிகளில் ஆழம் குறைவு. இரவு கொஞ்சம் குளிர்ந்தாலே தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அதனால் இத்தனை நாள் கழியில் மேய்ந்த மடவை மீனும் இறாலும் கும்பலாக வெளியே கிளம்பும். எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான். பெரிய மீன் அங்கே வந்து காத்திருக்கும். அதோடு, தண்ணீர் குளிரக் குளிர ஆக்சிஜனும் கூடும். 30 டிகிரி கடல்நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் என்றால், 20 டிகிரியில் 7-ஐத் தாண்டிவிடும். வெயிலில் மந்தமாகக் கிடந்த மீன் இப்போது பகலிலும் துரத்தும்.

இங்கே கடல்நீர் உள்ளே ஏறும் ஏற்றத்தைவிட, வெளியே வடியும் வற்றம்தான் முக்கியம். நாளுக்கு இரண்டு ஏற்றம் வரும் கரைகளில் வற்றம் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீடிக்கும். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் ஏறக்குறைய பாதித் தண்ணீர் வெளியேறும். கழியின் கலங்கலும் கடலின் தெளிவும் உரசும் இடத்தில் அப்போது நுரையும் சருகும் ஒரு கோடாக மிதக்கும். அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால், கழிப் பக்கமாக இரையைப் போட்டு நீரோட்டத்தோடு நழுவ விடுங்கள். தூண்டில் நரம்பில் கட்டிய ஈயம் கனத்தால் இரை நங்கூரம் போட்ட மாதிரி நின்றுவிடும். வெளியேறும் இறால் அப்படி நிற்பதில்லை.

திறந்த கரையில் மீன் நிற்கும் பள்ளத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. வெள்ளையாக உடையும் இரண்டு அலை வரிசைக்கு நடுவே, உடையாமல் கருத்துத் தெரியும் பட்டைதான் பள்ளம். ஒரு மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். உடையவில்லை என்றால் அங்கே அதைவிட ஆழம். அது சில நேரம் இருபது அடி தூரத்திலேயே இருக்கும். நான் ஒரு பருவம் முழுக்கத் தோள் வலிக்க வீசி, பள்ளத்தைத் தாண்டி மணல் திட்டில் ஈயத்தை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். காற்று திசை மாறும் நாட்களில் இன்னொரு தொல்லை, பாசி. நரம்பு முழுக்கச் சுற்றிக்கொள்ளும்.

சரி, மழை வந்தால்? லேசான வெள்ளம் என்றால் முகத்துவாரத்திலேயே இருங்கள். நன்னீர் எடை குறைந்தது, மேலே ஓடும்; உப்புநீர் அடியில் தங்கும். மீனும் அடியில்தான், அப்போது ஈயத்தைக் கூட்டலாம். மரமும் மட்டையும் உருண்டு வரும் அளவுக்குப் பெருக்கெடுத்தால் யோசிக்கவே வேண்டாம், திறந்த கரைக்குப் போங்கள். பழுப்பு நீர் பச்சை நீரைத் தொடும் ஓரத்தைத் தேடுங்கள். ஆறு வெளியே தள்ளியதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

குளிர் முடிந்து வெயில் ஏறும் பருவத்தில் இரண்டுமே இரண்டாம்பட்சம். அப்போது முதலில் சூடாவது உள்ளே இருக்கும் கருஞ்சேற்றுத் திட்டுகள், அதுவும் மதியத்துக்குப் பிறகு.

எங்கே போனாலும் வற்றத்தில் நடந்து போய்த் திட்டில் நின்றால், ஏற்றம் தொடங்கும்போதே கிளம்பிவிடுங்கள். திட்டுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் பள்ளம்தான் முதலில் நிரம்பும்.