கும்பகோணம் கோர்ட் பக்கத்துத் தட்டச்சுக் கடை: ஆட்சேபணை மெமோவுக்கு நம்பிப் போகலாம்

ஆட்சேபணை மெமோ என்பது எதிர்தரப்பு தரும் ஆவணத்தை ஏற்கக் கூடாது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பது. அதை "ஆட்சேபிக்கிறோம்" என்று மொட்டையாக அடித்துத் தராத கடை. எந்த ஆவணம், என்ன காரணம் என்று கேட்டு வாங்குகிறார்கள். அதுதான் முக்கியம். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஜெராக்ஸை எதிர்தரப்பு சான்றாவணமாக எண் போட்டுக் குறியீடு செய்யும்போதே "அசல் எங்கே?" என்று கேட்காவிட்டால், அப்பீலில் அதைக் கிளப்ப முடியாது, வெங்கடாசலக் கவுண்டர் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. முத்திரைத்தீர்வைக் குறைவு இன்னும் கடுமை. ஆவணத்தைக் கோர்ட் சான்றாக ஏற்றுவிட்டால், முத்திரைச் சட்டம் 36-ஆம் பிரிவு அந்த வழக்கில் பிறகு வாய் திறக்க விடாது. சாட்சியின் வாக்குமூலப் பதிவில் "ஆட்சேபணைக்கு உட்பட்டு" என்ற வரி ஏறியதா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.

மதியம் கூட்டம் தாங்காது, அது ஒன்றுதான் குறை. கோர்ட்டுக்கு, எதிர்தரப்புக்கு, கையெழுத்து வாங்கி நமக்கு என மூன்று பிரதி காலையிலேயே எடுத்துவிடுங்கள்.